தெர்மாகோலுக்குப் பதிலாக

மார்ச் 4, திங்கள்

முதலாளி சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி எனக்கும் நாட்குறிப்புக்கும் ஒட்டு உறவு கிடையாது. புத்தாண்டுக்கு பேரிங் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். நாங்கள் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்கிறோம். டென்மார்க்கில் தோட்டப் பொருள்கள் விற்கும் ஒரு நிறுவனத்தினர், அந்த நாடு முழுக்கக் கிளை வைத்திருப்பவர்கள், எங்கள் சின்ன பம்புகளை வாங்குகிறார்கள். எங்கள் ஏற்றுமதியில் பாதி அவர்களுடையதுதான். இன்று அவர்களிடமிருந்து செய்தி வந்தது. வரும் ஜனவரியிலிருந்து பெட்டிக்குள் ஒரு துண்டு தெர்மாகோல் இருக்கக் கூடாது, பிளாஸ்டிக் உறையும் கூடாது. பம்போடு வருகிற ஒவ்வொரு பொருளும் எதில் செய்தது, எங்கிருந்து வந்தது, கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று நாம் சொல்ல வேண்டுமாம். ஜூலையில் மாதிரிப் பெட்டிகள் கப்பல் ஏற வேண்டும்.

"சாமியப்பா, பர்ச்சேஸ் மேனேஜர் நீ. நீயே இதைப் பாத்துக்க. என்னென்ன பண்றயோ அப்பப்ப எழுதி வெச்சுக்க. எப்படிப் பண்ணுனீங்கன்னு நாளைக்கு அவங்க கேப்பாங்க" என்றார் முதலாளி திருமலைசாமி.

எங்களுக்கு தெர்மாகோல் தருவது ஜெயக்கொடி அம்மாளின் கம்பெனி. பொள்ளாச்சி ரோட்டில், கிணத்துக்கடவுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. கணவர் தவறிய பிறகு அவர்களே எடுத்து நடத்துகிறார்கள். பதினாலு பேருக்கு வேலை கொடுக்கிறார்கள். அவர்கள் செய்வதில் பெரும்பங்கு எங்களுக்குத்தான் வருகிறது. அவர்களிடம் சொல்ல வேண்டும். நாளை போன் செய்யலாம்.

மார்ச் 5, செவ்வாய்

போன் செய்யவில்லை. ஆபீசில் வேலை.

மார்ச் 6, புதன்

வேலை.

மார்ச் 9, சனி

அட்டைப்பெட்டிக்காரர் உள்ளே மடிப்பு மடிப்பாக அட்டை வைத்து ஒரு மாதிரி கொண்டுவந்தார். இடுப்பளவு உயரத்திலிருந்து பெட்டியைக் கீழே போட்டுப் பார்ப்பதுதான் சோதனை. ஸ்டோர்ஸ் துரைக்கண்ணு பெட்டியைத் தூக்கியதும், மெஷின் ஷாப்பிலிருந்து ஆட்கள் தேர் பார்க்க வருவதுபோல் வந்து நின்றார்கள். துரைக்கண்ணு கையை விட்டார். பம்பு பெட்டியின் அடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே விழுந்து, உருண்டு, அட்டைக்காரரின் காலடியில் போய் நின்றது.

"உங்களக் கும்புடுதுங்க" என்றார் துரைக்கண்ணு.

அட்டைக்காரரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொறுப்பு என்னுடையது என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 14, வியாழன்

பொள்ளாச்சி போயிருந்தேன். பெட்டிக்குள் பம்பைச் சுற்றி வைக்கிற பொருளைத் தேடி வடநாட்டுக்குப் போவானேன், பக்கத்திலேயே தேங்காய் நார் மலை மலையாகக் கிடக்கிறதே என்று ஒரு யோசனை. நார் மில் வைத்திருக்கும் அப்துல் கனி பாயை விசாரித்துப் போனேன்.

"மெத்தைக்குக் கேக்கறாங்க, கயித்துக்குக் கேக்கறாங்க. பம்பு படுத்துத் தூங்கறதுக்கு இப்பத்தானுங்க ஒருத்தர் வந்து கேக்கறீங்க" என்று கனி பாய் சிரித்தார். ஒரு மூட்டை நாரைக் காரில் ஏற்றிவிட்டார். இளநீரும் வெட்டிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில்தான் ஜெயக்கொடி அம்மாளின் கம்பெனி. நேரில் சொல்லிவிடுவதே மரியாதை என்று உள்ளே போனேன். பாய்லர் ஆவி சீறிக்கொண்டிருந்தது. அச்சுகள் திறந்து திறந்து மூட, எங்கும் வெள்ளை மணிகள் பறந்தன. அந்தம்மா தலையிலும் இரண்டு மணிகள் ஒட்டியிருந்தன. சொல்லலாமா என்று யோசித்தேன்.

"வாங்க சார். ஏனுங், பேண்டெல்லாம் ஒரே நாராட்ட இருக்குது?"

"தலையணைக்குங்க. வீட்டுக்கு."

"தேங்கா நாருலயா? கழுத்து வலிக்காதுங்களா?"

"வலிக்கும்னுதான் நினைக்கிறேன்."

காபி கொடுத்தார்கள். இந்த வருஷம் மழை எப்படி என்று பேசினோம். கிளம்பி வந்துவிட்டேன். தலையில் இருந்த மணிகளைப் பற்றியும் சொல்லவில்லை.

மார்ச் 18, திங்கள்

நாரைப் பெட்டிக்குள் திணித்துப் பார்த்தோம். கீழே போட்டபோது பம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நார் உதிர்ந்து பம்பின் வாய்க்குள் புகுந்துகொண்டது. ஓட்டிப் பார்த்தால் தண்ணீரோடு நாரும் வந்தது. துரைக்கண்ணு அரை மணி நேரம் உட்கார்ந்து, பேன் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

மார்ச் 22, வெள்ளி

ஜெயக்கொடி அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசுக்கு வந்தார்கள். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"தலையணை எப்படி இருக்குதுங் சார்? நல்லாத் தூக்கம் வருதுங்களா?"

எனக்குப் புரிந்துவிட்டது. கனி பாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்தம்மாவின் கணவரோடு ஒன்றாகப் படித்தவராம். இது எனக்கு எப்படித் தெரியும்?

"இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் லேட்டாக் குடுத்திருக்கனுங்களா? கொரோனா சமயத்துல லோடுமேன் வரலீன்னு நானே வண்டில ஏத்திக் கொண்டாந்து எறக்குனன். நீங்க பாத்தீங்கல்ல?"

"பார்த்தேனுங்க."

"தெர்மாகோல் வேண்டாம்னு சொல்றது தப்பில்லீங்க. எங்க பக்கத்துப் பள்ளத்துல வந்து பாருங்க, தண்ணி மேல பூராவும் அதுதான் மெதக்குது. எனக்கென்ன கண்ணு தெரியாதா? நீங்க மூஞ்சிக்கு நேராச் சொல்லீருந்தா ரெண்டு நாளு அழுதுபோட்டு வேற பொழப்புப் பாத்திருப்பன். என்ற கம்பெனிக்குள்ள உக்காந்து என்ற காப்பியக் குடிச்சுட்டு, தலையணைன்னு சொல்லீட்டுப் போனீங்க பாருங்க..."

மீதியைச் சொல்லாமல் போய்விட்டார்கள்.

மதியம் சாப்பிடவில்லை. அசிடிட்டி.

(முதலாளிக்குக் காட்டும்போது இந்தப் பக்கத்தை விட்டுவிட வேண்டும்.)

மார்ச் 31, ஞாயிறு

வெண்ணிலா ஈரோட்டிலிருந்து வந்தாள். என் ஒரே மகள். அங்கே பேங்கில் வேலை. வந்தவள் சமையலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, மூணு நாளா வெறும் தயிர் சோறுதானா?" என்றாள். ஒரு சப்ளையருடன் கொஞ்சம் மனஸ்தாபம், அதனால் வேலை அதிகம் என்றேன்.

"எந்த சப்ளையர்?"

"தெர்மாகோல். ஜெயக்கொடின்னு ஒருத்தர். கணவர் இல்லாதவங்க. ரொம்ப நாணயமானவங்க. பாய்லர் கோளாறானா அவங்களே ஸ்பேனர் எடுத்துருவாங்க. நல்லா காபி போடுவாங்க."

வெண்ணிலா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "போன வருஷம் பேரிங் சப்ளையர்கூட சண்டை போட்டீங்களே, அவர் காபி போடுவாரான்னு நீங்க சொல்லவே இல்லியேப்பா" என்றாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் சம்பந்தமில்லாமல் பேசுகிறார்கள்.

என் மனைவி சாவித்திரி போய் ஒன்பது வருஷமாகிறது. அவள் படத்துக்கு வெண்ணிலா புதுப்பூ வைத்தாள். நான் தினமும் வைப்பதுதான், இருந்தாலும் அவள் வைத்தால் அழகாக இருக்கிறது.

ஏப்ரல் 3, புதன்

காலையில் ஜெயக்கொடி அம்மாளிடமிருந்து போன். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"சார், அந்த நாரு மிச்சம் இருக்குதுங்களா? கொஞ்சம் குடுத்து உடுங்க."

டெம்போ வெளியே போயிருந்தது. அதனால் நானே எடுத்துக்கொண்டு போனேன். (டெம்போ கொஞ்ச நேரத்தில் திரும்பிவிட்டதாம். எனக்குத் தெரியாது.)

போனதும் முதலில் சொன்னேன்: "அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேனுங்க."

"எதுக்குப் பயம்?"

நான் நார் மூட்டையை இறக்கி வைத்தேன். அவர்கள் என்னை நேராக அச்சுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"இங்க பாருங்க. தெர்மாகோலு பண்றதுக்கு என்ன வேணும்? அச்சு வேணும், அமுக்கற மெஷினு வேணும், ஆவி வேணும். இந்த மூணும் என்றகிட்ட இருக்குது. நாருமேல ரப்பர் பால் தெளிச்சு, இதே அச்சுல போட்டு அமுக்கி, ஆவியக் குடுத்தா அது புடிச்சுக்காதுங்களா? மெத்தைக்காரங்க அப்படித்தான பண்றாங்க. நாரும் உதிராது. பம்பு அளவுக்குக் குழியும் வந்துரும்."

 மூன்று வாரமாக நான் கோயம்புத்தூர் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தது, என்னால் வேலை போகப் போகிறதென்று நான் கவலைப்பட்ட இடத்திலேயே இருந்திருக்கிறது.

ரப்பர் பால் நாகர்கோவிலிலிருந்து தருவிக்கச் சொல்லியாகிவிட்டது.

ஏப்ரல் 11, வியாழன்

நாரை அச்சில் அமுக்கிச் செய்த முதல் வில்லை வந்தது. வந்தது என்றால் முழுதாக வரவில்லை. அச்சோடு ஒட்டிக்கொண்டு பாதிதான் வந்தது. பார்க்க அடிப்பிடித்த கல்தோசை. நாற்றம், பஞ்சர் கடை.

"சாப்பிடறீங்களா சார்?" என்றார்கள் ஜெயக்கொடி அம்மாள், தட்டில் வைத்து நீட்டி. கோபம் போய்விட்டது என்று தெரிந்தது.

ஏப்ரல் 14, ஞாயிறு

தமிழ் வருஷப் பிறப்பு. லீவு. காலையில் கோயில். பிறகு மாதிரி வேலை இருந்ததால் கிணத்துக்கடவு வரை போய்வந்தேன். புதுச்சட்டை. வருஷப் பிறப்பு என்பதால்தான்.

அச்சில் ஒட்டாமலிருக்க நான் எண்ணெய் தடவலாம் என்றேன். எண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டுவிடும் என்றார்கள் அவர்கள். வாதம் வந்தது. பூவா தலையா போட்டு என் பேச்சைக் கேட்டோம். ரப்பர் கெட்டது. அடுத்து அவர்கள் சோப்புத் தண்ணீரை அடித்தார்கள். வில்லை அலுங்காமல் வந்தது, இட்லித் துணியிலிருந்து இட்லி வருவதுபோல. ஷிப்டில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஜெயக்கொடி அம்மாள் அதை இரண்டு கையிலும் ஏந்தி, பிறந்த குழந்தையைக் காட்டும் நர்ஸ் மாதிரி எனக்குக் காட்டினார்கள்.

ஏப்ரல் 20, சனி

சோதனை. இந்தத் தடவை ஆபீஸ் ஆட்களும் வந்துவிட்டார்கள். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துரைக்கண்ணு பெட்டியைத் தூக்கப் போனபோது ஜெயக்கொடி அம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"நகருங்க. என்ற சரக்கு. நானே போடறன்."

நாலு பக்கமும் போட்டார்கள். மூலையில் போட்டார்கள். திறந்து பார்த்தோம். பம்பில் ஒரு கீறல் இல்லை. "இன்னொருக்காப் போடட்டுங்களா?" என்று கேட்டார்கள், விளையாட்டு நிற்கக் கூடாதென்று கெஞ்சும் பிள்ளை மாதிரி. முதலாளியே எழுந்து, "போதும் அம்மணி, தரை ஒடஞ்சுரும்" என்றார்.

இரண்டு பெட்டிகளைத் தகரக் கொட்டகைக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். கப்பலில் போகும் கன்டெய்னருக்குள் எப்படி வேகுமோ அப்படி வேகட்டும். மே மாதம் திறந்து பார்ப்போம்.

மே 7, செவ்வாய்

திறந்தோம். துரு.

தண்டிலும் வாய்ப்பகுதியிலும், பெயின்ட் இல்லாத இடமெல்லாம் காவி பூத்திருந்தது. நாருக்குள் ஈரம் இருந்திருக்கிறது. முன்பானால் பிளாஸ்டிக் உறை காப்பாற்றியிருக்கும். இப்போது அதுவும் இல்லை.

போனில் சொன்னேன், உடனே. இந்த முறை தள்ளிப்போடவில்லை. அந்தப் பக்கம் பாய்லர் சத்தத்துக்கு மேல், "நாளைக்கு வாறனுங்க" என்றார்கள்.

மே 9, வியாழன்

முதலாளி அறையில் டை கட்டிய ஓர் ஏஜென்ட். காகிதக் கூழில் செய்த அச்சு வில்லைகள், சீனாவிலிருந்து வருமாம். சான்றிதழ்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன. முதலாளிக்குப் பிடித்துவிட்டது. "நேரமில்லைப்பா. இதையே வாங்கிப்போடலாம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து பேச்சு வந்ததென்று தெரியவில்லை.

"சுற்றுச்சூழலுக்குன்னு சொல்லீட்டு, எடையே இல்லாத வில்லையக் கப்பல்ல ஏத்தி சீனாலருந்து கொண்டாந்து, அதுக்குள்ள நம்ம பம்ப வெச்சு, மறுபடி கப்பல்ல ஏத்தி டென்மார்க்குக்கு அனுப்பறதுங்களா? அதுல பாதி காத்துதானுங்க இருக்கும். காத்துக்கு எதுக்குங்க கப்பலு? நம்ம நாரு பொள்ளாச்சிலருந்து வருது. வில்லை கிணத்துக்கடவுல ஆகுது. ஒரே ரோடு. வர்ற லாரிலயே வந்துரும்."

"துருவுக்கு என்ன பண்ணுவே?"

"அதுக்கு வழி பண்ணீர்றோமுங்க."

"பண்ணீர்றோம்னா, யாரு?"

"நானும் அந்தம்மாவும்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மாதக் கடைசி வரை தவணை கொடுத்தார். ஏஜென்ட் விசிட்டிங் கார்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மே 13, திங்கள்

வில்லைகளை வெயிலில் காய வைத்தோம். மதியம் கோடை மழை. எல்லோரும் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு வில்லைகளை உள்ளே அள்ளினோம். ஜெயக்கொடி அம்மாள் நனைந்துகொண்டே சிரித்தார்கள். "சார், ஓடத் தெரியுமுங்களா உங்களுக்கு!" என்றார்கள்.

காய வைத்தது எல்லாம் வீண். ஆனாலும் மோசமான நாள் என்று சொல்ல முடியாது.

மே 17, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது.

பாய்லர் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். சூடு தாங்காமல் நான் நகர்ந்தேன். "இவ்வளவு சூட்டை வானத்துக்கு விடறீங்களே" என்று ஏதோ பேச்சுக்குச் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் குழாயைப் பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம்.

புகைக்குழாயை ஓர் அறைக்குள் வளைத்துக் கொண்டுவந்தால் அந்த அறையே அடுப்பாகிவிடும். தனியாக விறகோ கரண்டோ வேண்டாம். ஆனால் சூடு சுவர் வழியாகப் போய்விடாமல் இருக்க ஏதாவது வேண்டும்.

"தெர்மாகோலு!" என்றார்கள் ஜெயக்கொடி அம்மாள். "யாரும் வாங்காம குடோன் நெறைய நிக்குதுங்களே, பலகை பலகையா. சுத்தியும் அதை வெச்சு, மேல தகரம் அடிச்சுட்டா?"

இனிமேல் வேண்டாம் என்று நாம் ஒதுக்கிய தெர்மாகோல், நாரைக் காய வைக்கச் சுவராக நிற்கப் போகிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாய்லருக்கும் விறகை நிறுத்திவிட்டு, கனி பாயிடமிருந்து சிரட்டை வாங்கிப் போடுவதென்று அங்கேயே முடிவானது. நார் கொண்டுவரும் லாரியிலேயே சிரட்டையும் வரும். கத்தரித்த கழிவு நார் அதே லாரியில் திரும்பிப் போய் அவருடைய உரக்குழிக்குச் சேரும்.

மே 30, வியாழன்

காய்ந்த வில்லையோடு பூட்டி வைத்த பெட்டியைத் திறந்தோம். பம்பைச் சுற்றி மெழுகுத்தாள் ஒரு சுற்று, அவ்வளவுதான். துரு இல்லை. ஒரு புள்ளி கூட இல்லை.

முதலாளி ஏஜென்டின் கார்டைக் குப்பைக்கூடையில் போட்டார். பிறகு குனிந்து எடுத்து, காகிதக் குப்பைக்கென்று நான் தனியாக வைத்திருக்கும் கூடையில் போட்டுவிட்டு, "இப்பச் சரியா?" என்றார்.

ஜூன் 12, புதன்

துரைக்கண்ணு தயங்கித் தயங்கி வந்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. ஆபீஸ்ல ஒரு பேச்சு இருக்குது. நீங்க அந்தம்மாவுக்காகத்தான் இந்த வேலையை அங்க குடுத்தீங்கன்னு."

"வில்லை நல்லா இருக்குதா இல்லியா?"

"அருமையா இருக்குதுங் சார்."

"அப்புறம் என்ன?"

"அதைத்தான் நானுஞ் சொன்னன். ஆனா நீங்க வாரத்துல நாலு நாளு கிணத்துக்கடவு போறீங்கன்னு டிரைவர் சொல்றாப்ல."

நாலு நாள் இல்லை. மூன்று.

ஜூன் 24, திங்கள்

ரேட் பேசி முடித்தோம். யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்று மிகவும் கறாராகப் பேசினேன். ஜெயக்கொடி அம்மாள் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்கள். வாசல் வரை போய்த் திரும்பினார்கள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? அட்டைப்பெட்டிக்காரருக்கு லாபம் வெச்சுக் குடுக்கறீங்க. பெயின்ட்டுக்காரருக்குக் குடுக்கறீங்க. எனக்கு மட்டும் எதுக்குங்க தோலை உரிக்கறீங்க? ஊரு பேசுதுன்னா, அது என்ற தப்புங்களா?"

போய்விட்டார்கள்.

அவர்கள் சொன்னது சரி. ஒருவருக்குச் சலுகை காட்டுவது அநியாயம் என்றால், காட்டவில்லை என்று நிரூபிப்பதற்காக ஒருவரைக் கசக்குவதும் அநியாயம்தான். ஏன் இப்படிச் செய்தேன்? அட்டைக்காரரிடம் பேசும்போது எனக்குக் கை வியர்ப்பதில்லை.

ஜூலை 3, புதன்

மாதிரிப் பெட்டிகள் கொச்சிக்குக் கிளம்பின. லாரிக்கு முன்னால் ஜெயக்கொடி அம்மாள் தேங்காய் உடைத்தார்கள். கனி பாயும் வந்திருந்தார். "தேங்கா வில்லைக்குத் தேங்காயே காவு" என்றார். ரேட்டை மறுபடி பார்க்கலாம் என்று ஜெயக்கொடி அம்மாளிடம் சொன்னேன். "கப்பலு போய்ச் சேரட்டுங்க" என்றார்கள். பேச்சு மரியாதையாக இருந்தது. மரியாதை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஜூலை 20, சனி

கிணத்துக்கடவில் வேலை எதுவும் இல்லை. போகவில்லை. வாரம் நீளமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

டென்மார்க்கிலிருந்து வீடியோ அழைப்பு. எங்கள் பக்கம் முதலாளி, நான், ஜெயக்கொடி அம்மாள். அந்தப் பக்கம் ஹென்ரிக் என்ற நெட்டையான மனிதர். கேமராவுக்கு முன்னாலேயே பெட்டியைப் பிரித்தார். மெழுகுத்தாளை விலக்கினார். பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவி, அந்த விரலையும் பார்த்தார்.  பிறகு கட்டைவிரலைத் தூக்கினார்.

ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வாங்கிப் போகிறவர் இந்த வில்லையை என்ன செய்வார்? முதலாளி என்னைப் பார்த்தார். நான் மக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஜெயக்கொடி அம்மாள் தமிழிலேயே சொன்னார்கள்:

"அதுலதான் குழி இருக்குதுங்களே. மண்ணப் போட்டுச் செடி வெக்கச் சொல்லுங்க. தோட்டக் கடைதானுங்க அவங்க?"

நான் மொழிபெயர்த்தேன். ஹென்ரிக் வில்லையைத் தூக்கிப் பிடித்து, அந்தக் குழியைப் பார்த்தார். பிறகு யாரையோ கூப்பிட்டார். ஓர் அம்மாள் கையில் செடியோடு ஓடிவந்தார். அவர்கள் இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டு, அங்கேயே அதை நட்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வருஷ ஒப்பந்தம். அவர்களுடைய மற்ற சப்ளையர்களுக்கும் இந்த வில்லை வேண்டுமாம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஜெயக்கொடி அம்மாளின் கம்பெனியிடம் வில்லை வாங்குவதற்கான ஒப்பந்தத்தை முதலாளி கொடுத்து, பர்ச்சேஸ் சார்பில் கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவை எடுத்தேன். மூடி வைத்தேன்.

"இதுல நான் கையெழுத்துப் போடக் கூடாதுங்க. ரேட்டும் நான் பேசக் கூடாது. வேற யாருகிட்டயாச்சும் ஒப்படைச்சுருங்க."

"ஏம்ப்பா? உன்ற வேலைதான இது பூராவும்?"

"என்னால நடுநிலையாப் பேச முடியலீங்க. ஒண்ணு கையை அதிகமா விட்டுருவேன், இல்லீன்னா கழுத்தைப் புடிச்சுருவேன்."

"காரணம்?"

எத்தனையோ காரணங்கள் தயாராக வைத்திருந்தேன். வேலைப்பளு, வயசு, ரத்தக் கொதிப்பு. எதுவும் வாயில் வரவில்லை.

"அந்தம்மா மேல எனக்கு ஒரு இது இருக்குதுங்க."

"எது?"

"இதுதானுங்க."

முதலாளி சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "அந்தம்மாகிட்டச் சொல்லீட்டயா?"

"இல்லீங்க. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்."

"அட கிறுக்கா. என்னையவா கட்டிக்கப் போறே?"

ஒப்பந்தத்தை வாங்கி அக்கவுன்டன்ட் ராஜமாணிக்கத்திடம் கொடுத்தார். இனி அந்தக் கம்பெனியின் ரேட், ஆர்டர், தரம் எல்லாம் அவரும் புரொடக்‌ஷன் ஆட்களும் பார்ப்பார்கள். ஜூனில் நான் கசக்கிய ரேட்டையும் அவர்களே திருத்துவார்கள்.

நேராகக் கிணத்துக்கடவு போனேன். ஜெயக்கொடி அம்மாள் காய வைக்கும் அறை வாசலில் நின்று வில்லைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஆர்டர் உறுதிங்க. இனி ராஜமாணிக்கம்தான் உங்ககிட்டப் பேசுவார். நான் விலகிட்டேன். இப்ப நான் சொல்லப்போறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. நீங்க முடியாதுன்னு சொன்னாலும் ஆர்டர் ஆர்டர்தான்."

பிறகு சொன்னேன். என்ன வார்த்தைகளில் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஜெயக்கொடி அம்மாள் கையிலிருந்த வில்லையைக் கீழே வைத்தார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அப்ப ரேட்டுக்கு உங்ககூடச் சண்டை போட முடியாதுங்களா இனி?"

"முடியாதுங்க."

"அது ஒண்ணுதான் கஷ்டம்" என்றார்கள். "சித்த யோசிச்சுச் சொல்றனுங்க."

ஆகஸ்ட் 22, வியாழன்

தகவல் இல்லை. போன் கெட்டுவிட்டதா என்று துரைக்கண்ணுவை விட்டு அடித்துப் பார்த்தேன். கெடவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வெண்ணிலாவிடமிருந்து போன். பின்னால் பஸ் ஹாரன்.

"அப்பா, இன்னைக்கு பேங்குக்கு ஒருத்தங்க வந்தாங்க. கவுன்ட்டர்ல நின்னு, 'சாமியப்பன் மகளுங்களா நீங்க?'ன்னு கேட்டாங்க. ஜெயக்கொடி ஆன்ட்டி!"

 "எதுக்கு வந்தாங்களாம்?"

"என்கிட்டக் கேக்கறதுக்கு. 'உங்கம்மா இருந்த எடம் கண்ணு. உனக்குச் சம்மதமில்லீன்னா நான் இப்படியே திரும்பிப் போயிருவன்'னாங்க. லஞ்ச்ல ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசுனோம்."

"நீ என்ன சொன்னே?"

"கோவம் வந்தா சாப்பிட மாட்டார், பொய் சொல்லத் தெரியாது, ஆனா சொல்லிப் பாப்பார்னு சொன்னேன். அதுக்கு அவங்க, 'ரெண்டும் எனக்குத் தெரியுமே'ன்னு சிரிச்சாங்க." பஸ் ஹாரன் அடங்கும்வரை பொறுத்து வெண்ணிலா சொன்னாள்: "எனக்கு அவங்களைப் பிடிச்சிருக்குப்பா."

"சரிம்மா. இப்ப நீ எங்கே இருக்கே?"

"பஸ்ல. அவிநாசி தாண்டிட்டோம்."

"தாண்டிட்டோமா?"

"ஆமா. பக்கத்துல தூங்கிட்டு இருக்காங்க. அப்பா, வெறும் தயிர் சோறு போட்டு மானத்தை வாங்கிராதீங்க. ரெண்டு டம்ளர் அரிசி சேத்துப் போடுங்க. வந்துடறோம்."

இன்று இதற்கு மேல் எழுத நேரமில்லை. பருப்பை இன்னும் ஊற வைக்கவில்லை. வீட்டில் காய் ஒன்றும் இல்லை, கடைக்கு ஓட வேண்டும்.